கிணற்றுக்குள் இருக்கும் யுரேனியத்தை யார் அளப்பது?

ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், புலிவெந்துலாவுக்குப் பக்கத்தில் தும்மலப்பள்ளி என்றொரு கிராமம் இருக்கிறது. அந்தக் கிராமத்துக்குக் கீழே இருக்கும் பாறை டோலமைட் வகை. சுண்ணாம்புக்கல்லுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலடியில் படிந்து இறுகிய கல் அது. சாதாரணச் சுண்ணாம்புக்கல்லில் பத்து லட்சத்துக்கு 2 பங்கு யுரேனியம் இருக்கும். தும்மலப்பள்ளிப் பாறையில் அதைப் போல நூற்றைம்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. நூறு மடங்கு என்றதும் பெரிய செல்வம் போலத் தெரியும். சதவீதக் கணக்கில் சொன்னால் வெறும் 0.04. ஒரு டன் கல்லை உடைத்தால் அரைக் கிலோகூடத் தேறாது. மிச்சமெல்லாம் கழிவு. ஆலையின் கொள்ளளவு ஒரு நாளைக்கு 3,000 டன் கல். அந்த 3,000 டன்னும் அரைபட்டு, ரசாயனத்தில் ஊறி, ஏறக்குறைய அப்படியே சேறாகக் குழாய் வழியே கழிவுக் குட்டைக்குப் போகிறது. அந்தக் குட்டை கொட்டாலா என்ற ஊரையொட்டி இருக்கிறது.

2006 செப்டம்பரில் மக்கள் கருத்துக் கேட்பு நடந்தது. எதிர்ப்பு பதிவானது. 2007-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 2012-இல் சோதனை ஓட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கொட்டாலாவைச் சுற்றியுள்ள விவசாயிகள் போர்வெல் தண்ணீர் மாறிவிட்டது, வாழை கருகுகிறது, நிலத்தில் வெள்ளையாக உப்பு பூக்கிறது என்று புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற விஞ்ஞானி கே. பாபுராவ், கழிவுக் குட்டையின் அடியில் நீர் கசியாத விரிப்பு முறையாகப் போடப்படவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினார். 2018-இல் வாரியம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. நிறுவனம் சொன்ன பதிலின் சாரம், இது யுரேனியம் உள்ள பூமி, தண்ணீரில் இருப்பது பாறையிலிருந்து இயல்பாகவே வந்தது என்பதுதான்.

இந்தப் பதிலை நாம் எளிதாகச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. யுரேனியம் உள்ள சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் ஆலையே இல்லாவிட்டாலும் நிலத்தடி நீரில் கொஞ்சம் யுரேனியம் இருக்கும். அப்படியானால் இயல்பாக இருந்தது எவ்வளவு, குட்டையிலிருந்து வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடியும். அதற்கு அளக்க வேண்டும், அளப்பது எப்படி என்று தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் அந்த அறிவு போதாமல் இருப்பதுதான் அந்தப் பாதி உண்மையை முழு உண்மையாக உலவ விடுகிறது. சமூகவியல் படித்த ஆள் வேதியியல் பேசுகிறேன் என்று யாராவது கேட்டால், வேதியியல் படித்தவர்கள் நம் தெருப் பக்கம் அதிகம் வரவில்லை என்பதே என் பதில்.

அளப்பதை இரண்டாகப் பார்க்கலாம். கல்லை அளப்பது, தண்ணீரை அளப்பது.

கல்லை அளக்க வயலில் முதலில் கொண்டுவருவது காமாக் கதிர்களை எண்ணும் கருவி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. யுரேனியம் நேரடியாக வெளியிடும் காமாக் கதிர் மிகக் குறைவு. யுரேனியம் சிதைந்து தோரியம், ரேடியம், ரேடான் என்று பல தலைமுறை இறங்கிப் பிறக்கும் பிஸ்மத்-214 என்ற சேய்த் தனிமத்தின் கதிரைத்தான் கருவி எண்ணுகிறது. பேரன் சத்தம் கேட்கிறது, ஆகவே தாத்தாவும் வீட்டில்தான் இருப்பார் என்று ஊகிப்பதைப் போன்றது இது. கலையாமல் கிடக்கும் பழைய பாறையில் இந்த ஊகம் சரியாக வரும். குடும்பம் பிரிந்துவிட்டால்? தண்ணீர் ஓடும் பாறையில் யுரேனியம் கரைந்து போய்விடும், ரேடியம் தங்கிவிடும். ரேடான் வாயு என்பதால் விரிசல் வழியே தப்பிவிடும். அப்போது கருவி சொல்லும் எண்ணுக்கும் உண்மைக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. புவியியலாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் வயலில் கிடைக்கும் எண்ணை அவர்கள் யுரேனியம் என்று எழுதுவதில்லை, யுரேனியத்துக்கு நிகரான அளவு என்று எழுதுகிறார்கள். கிராமத்தில் விளக்கம் சொல்ல வருகிறவர் மட்டும் அந்த 'நிகரான' என்ற சொல்லை விட்டுவிடுகிறார்.

நம் வேலைக்கு இது எங்கே முக்கியமாகிறது என்றால், கிணற்றடியில். அதிகாரி ஒருவர் கைகர் கருவியோடு வந்து, போர்வெல் பக்கத்தில் பிடித்துக் காட்டி, பாருங்கள், பட்டணத்தில் இருக்கும் அளவுதான் இங்கேயும், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் என்று வையுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை. தண்ணீரில் கரைந்து வரும் யுரேனியம் தன் சேய்களை விட்டுவிட்டுத் தனியாக வருகிறது. ஒரு லிட்டரில் 300 மைக்ரோகிராம் இருந்தாலும், அதாவது குடிநீர் வரம்பைவிடப் பத்து மடங்கு இருந்தாலும், அந்தக் கையடக்கக் கருவி அசையாது. யுரேனியம் கலந்த தண்ணீரைக் கதிர்வீச்சுக் கருவியால் சோதித்துப் பாதுகாப்பானது என்று அறிவிப்பது, உப்புக் கரிக்கிறதா என்று மூக்கால் பார்ப்பது மாதிரி. கழிவுக் குட்டையில் நிலைமை தலைகீழ். அங்கே யுரேனியத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் சேய்கள் எல்லாம் சேற்றிலேயே கிடக்கின்றன. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் கழிவோடுதான் போகிறது. தோரியம்-230-இன் அரை ஆயுள் சுமார் 75,000 ஆண்டு. அங்கே கருவி கத்தும், யுரேனியம் இருக்காது.

அடுத்தது ஆய்வகம். கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, நிறைமாலைமானி போன்ற கருவியில் ஏற்றி அணுக்களை எடையால் பிரித்து எண்ணுவது இன்றைய துல்லியமான முறை. இங்கேயும் எந்த அமிலம் என்பதில் விடை மாறும். வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு மட்டும் நுரைத்துக் கரையும். களிமண், சிலிக்கா, பாஸ்பேட் பெரும்பாலும் கரையாமல் அடியில் தங்கும். பழைய கடல் எப்படி இருந்தது என்று ஆராய்பவருக்கு அது போதும், ஏனென்றால் அவருக்கு வேண்டியது கடல்நீரிலிருந்து சுண்ணாம்புக்குள் புகுந்த யுரேனியம் மட்டும். தும்மலப்பள்ளிப் பாறையிலோ யுரேனியத்தின் பெரும்பகுதி மிக நுண்ணிய தனிக் கனிமத் துகள்களாகவும் பாஸ்பேட்டோடு சேர்ந்தும் இருக்கிறது. அதை மென்மையான அமிலத்தில் கரைத்து அளந்தால் குறைவாகத்தான் வரும். கல் முழுவதையும் வலுவான அமிலங்களில் கரைத்தால் வேறு எண் வரும். இரண்டுமே சரியான அளவீடுகள், ஆனால் கேட்ட கேள்விகள் வேறு. ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் எப்படிக் கரைத்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள். கரைத்த பிறகும் கால்சியம் தொல்லை இருக்கிறது. கரைசல் முழுக்கக் கால்சியம் நிரம்பியிருந்தால் கருவியின் உணர்திறன் குறையும். நீர்க்கச் செய்து, தெரிந்த அளவு யுரேனியத்தைச் சேர்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். செய்தார்களா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

தண்ணீருக்கு நம் நாட்டில் பரவலாகப் பயன்படுவது ஒளிர்வு முறை. தண்ணீரில் ஒரு பாஸ்பேட் கரைசலைக் கலந்து, குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சினால் யுரேனியம் பச்சையாக ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறதோ அதை வைத்து அளவு. கருவி சிறியது, நல்ல கல்லூரி ஆய்வகம் ஒன்றில் வைத்துக்கொள்ளக்கூடியது. இரும்பு, குளோரைடு, கரிமப் பொருள் போன்றவை தண்ணீரில் அதிகம் இருந்தால் ஒளிர்வு மங்கிவிடும், யுரேனியம் குறைவாகக் காட்டும். மாசடைந்த தண்ணீரில்தான் இந்தக் கலப்புகள் அதிகம் இருக்கும் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு யுரேனியத்தைச் சேர்த்து மறுபடி அளந்தால் இந்தப் பிழை நீங்கும். நேரம் பிடிக்கும் வேலை, அவ்வளவுதான்.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். பாறையிலிருந்து வந்ததா, குட்டையிலிருந்து வந்ததா?

ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் கந்தக அமிலத்தால் யுரேனியத்தைப் பிரிக்கிறார்கள். தும்மலப்பள்ளியில் அது முடியாது. சுண்ணாம்பு வகைப் பாறையில் அமிலத்தை ஊற்றினால் பாறையே அமிலத்தைக் குடித்துவிடும், செலவு கட்டுப்படியாகாது. அதனால் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த காரக் கரைசலில், 100 டிகிரிக்கு மேலான சூட்டில், அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். யுரேனியம் கார்பனேட்டோடு கைகோத்துக் கரைகிறது. இந்தக் கைகோப்பு சாதாரணமாக மண்ணில் ஒட்டாது. கால்சியமும் சேர்ந்துவிட்டால் இன்னும் ஒட்டாது. களிமண் பிடித்துக்கொள்ளும், பாறை வடிகட்டிவிடும் என்று வேறு உலோகங்களைப் பற்றிச் சொல்லும் ஆறுதல் இங்கே செல்லாது. கசிந்தால் தண்ணீரோடு தண்ணீராகப் போகும்.

அப்படிக் கசிந்த தண்ணீர் யுரேனியத்தை மட்டும் கொண்டுபோகாது. ஆலையில் சேர்த்த சோடியம், சல்பேட், கார்பனேட் எல்லாம் கூடவே போகும். இயல்பாகப் பாறையில் ஊறிய தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் தூக்கலாக இருக்க வேண்டும். அங்கே சோடியமும் சல்பேட்டும் யுரேனியமும் சேர்ந்து ஏறினால், குட்டைக்குப் பக்கத்துக் கிணற்றில் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருந்தால், குட்டைக்கு மேட்டில் இருக்கும் கிணற்றில் அது இல்லாவிட்டால், இயற்கை மேல் பழிபோடுவது கடினம். இன்னொரு கைரேகையும் இருக்கிறது. யுரேனியம்-234, யுரேனியம்-238 என்ற இரண்டின் கதிரியக்க விகிதம், மெதுவாகப் பாறையில் ஊறிய நிலத்தடி நீரில் பொதுவாக ஒன்றுக்கு மேலேயே இருக்கும். ஆலையில் கல்லை அரைத்து முழுதாகக் கரைத்து எடுத்த யுரேனியத்தில் அது ஒன்றை ஒட்டி இருக்கும். ஆலைக் கசிவைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் இந்த விகிதத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சுரங்கம் வருவதற்கு முன் அந்தக் கிணறுகளில் என்ன அளவு இருந்தது என்ற பழைய பதிவு. அணு கனிம ஆய்வு இயக்குநரகம் பல ஆண்டுகள் அந்தப் பகுதியில் துளை போட்டு ஆராய்ந்த பிறகுதான் சுரங்கமே வந்தது. கல்லில் எவ்வளவு என்று அத்தனை துல்லியமாக அளந்த நாடு, அதே ஊரின் கிணறுகளில் எவ்வளவு என்று அதே அக்கறையோடு அளந்து மக்கள் கையில் கொடுத்திருந்தால் இன்று இந்த வழக்காட்டமே தேவைப்பட்டிருக்காது.

இங்கேதான் என் துறைக்கு வேலை இருக்கிறது.

எந்தக் கிணற்றில் மாதிரி எடுப்பது என்று முடிவு செய்வது வேதியியல் கிடையாது. நான் வேலை செய்த ஒரு பகுதியில், குடிநீர்ச் சோதனைக்கு ஆட்கள் வந்தபோதெல்லாம் வண்டி ஊர் நடுவில் இருக்கும் மேல்நிலைத் தொட்டியோடு திரும்பிவிடும். காலனியில் தனி போர்வெல், தனித் தொட்டி. பத்து வருட அறிக்கைகளைப் புரட்டினோம், அந்தத் தொட்டியின் பெயர் ஒரு தடவைகூட இல்லை. யாரும் திட்டமிட்டு விட்டதாக நான் சொல்லவில்லை. சாலை அதுவரைக்கும்தான் நன்றாக இருக்கிறது, தலைவர் வீடு அங்கேதான் இருக்கிறது, டீ அங்கேதான் கிடைக்கிறது. சாதி இப்படித்தான் ஓர் அட்டவணைக்குள் உட்காருகிறது, அட்டவணையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஊரும் சேரியும் தனித்தனித் தண்ணீர் குடிக்கும் நாட்டில், ஊர்க் கிணற்றின் எண்ணைக் கிராமத்தின் எண்ணாக எழுதுவது அறிவியல் பிழை. சமூகநீதி பேசுவதற்கு முன்பே அது மாதிரியெடுப்புப் பிழை.

தும்மலப்பள்ளி பற்றி வந்த செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் விவசாயி. விவசாயியின் வாழை கருகியது, விவசாயியின் போர்வெல் கெட்டது. அது நியாயமான துயரம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாழைத்தோப்பில் கூலிக்குப் போனவர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருந்த சாகுபடி நிலம் நாட்டில் ஏறத்தாழ 9 சதவீதம். மக்கள் தொகையில் அவர்கள் 16 சதவீதத்துக்கு மேல். நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு, நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை என்று எந்த நிறுவனம் விதி வகுத்தாலும், பட்டா இல்லாதவர் முதல் வரியிலேயே கழிந்துவிடுகிறார். அவருக்குப் போன கூலி நாள்களை அளக்க எந்தக் கருவியும் வயலுக்கு வருவதில்லை. பணம் இருப்பவர் கேன் தண்ணீர் வாங்குவார், வீட்டில் ஆர்.ஓ. போடுவார். ஆர்.ஓ. யுரேனியத்தை நீக்கும். இல்லாதவர் கொதிக்க வைத்துக் குடிப்பார். கொதிக்க வைத்தால் யுரேனியம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

இதையே அமெரிக்காவின் நவாஹோ பழங்குடியினர் அனுபவித்திருக்கிறார்கள். நியூ மெக்சிகோவில் ஹேஸ்டாக் என்ற இடத்தில் யுரேனியம் இருப்பதைக் கண்டுகொண்டவர் பாடி மார்ட்டினெஸ் என்ற நவாஹோ மனிதர். அதுவும் சுண்ணாம்புப் பாறையில்தான். அதன்பின் வந்த சுரங்கங்களில் நவாஹோ ஆண்கள் ரேடான் நிரம்பிய காற்றை மூச்சாக இழுத்தார்கள், என்ன இழுக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நுரையீரல் புற்றுநோயில் பலர் போன பிறகு, 1990-இல்தான் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1979 மார்ச்சில் நடந்த திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை உலகம் அறியும். அதே ஆண்டு ஜூலை 16 அன்று நவாஹோ நிலத்தையொட்டிய சர்ச் ராக்கில் யுரேனிய ஆலைக் கழிவு அணை உடைந்து சுமார் 35 கோடி லிட்டர் கழிவுநீர் புவெர்க்கோ ஆற்றில் கலந்தது. ஆடு மேய்த்தவர்களின் ஆறு அது. எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் அணியில் இருந்து வரும் இரண்டு குரல்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்று, யுரேனியம் என்றதும் ஹிரோஷிமா படத்தைப் போட்டுச் சுவரொட்டி அடிப்பது. குடிநீரில் கரைந்த இயற்கை யுரேனியத்தின் முதல் ஆபத்து கதிர்வீச்சு அல்ல, சிறுநீரகம். ஈயம்போல, காட்மியம்போல அது ஒரு கன உலோக நஞ்சு. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருப்பது அந்த நச்சுத்தன்மையை வைத்து. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 என்று வைத்தது கதிரியக்கக் கணக்கில். நெடுங்காலம் 45 மைக்ரோகிராம் உள்ள ஒரு கிணறு ஒரு மேசையில் பாதுகாப்பானதாகவும் இன்னொரு மேசையில் ஆபத்தானதாகவும் இருந்தது. 2021-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீர்த் தரத்தில் 30-ஐச் சேர்த்தது. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் அதிகாரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஹிரோஷிமா என்று கத்தினால் அவர் சிரித்துக்கொண்டே கைகர் கருவியை எடுப்பார்.

இரண்டாவது குரல், அளவீடே ஆதிக்கத்தின் கருவி, மக்களின் அனுபவமே சான்று என்பது. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கும் வாசகம். வேங்கைவயலை நினைத்தால் இந்தக் கசப்பு எனக்கும் புரிகிறது. தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட மக்களிடமே டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கேட்டது அங்கே வந்த அறிவியல். ஆனால் அதற்கு மாற்று, அளவீட்டைக் கைவிடுவதாக இருக்க முடியாது. கருகிய வாழை நீதிமன்றத்தில் பேசாது. ஜாதுகோடா மக்களுக்காகப் போடப்பட்ட பொதுநல வழக்கை 2004-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, அதன் முன் இருந்தது அணுசக்தித் துறையின் உறுதிமொழிப் பத்திரம். எதிர்த்தரப்பின் தாளுக்கு முன்னால் வைக்க நம்மிடம் ஒரு தாள் வேண்டும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளியது, அந்தக் குளத்தின் மேல் எங்களுக்கும் உரிமை உண்டு என்று நிலைநாட்ட. அந்த உரிமையில் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமையும் சேர்ந்தே இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

சட்டம் இதில் யார் பக்கம் என்று பாருங்கள். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில், வாரியம் கழிவுநீர் மாதிரி எடுக்கும்போது ஆலை உரிமையாளருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் கேட்டால் மாதிரியை அவர் கண்ணெதிரே இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும் என்று இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அந்தக் கழிவுநீர் யார் கிணற்றுக்குப் போகிறதோ அவருக்கு இந்த உரிமை எழுதப்படவில்லை. மறுபக்கம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுத்து அதன் பயன்பாட்டுத் தகுதியைக் குறைப்பது குற்றம் என்று 1989-இலிருந்தே ஒரு பிரிவு இருக்கிறது. நாம் அதை மலம் கலந்த தொட்டிகளோடு மட்டும் சேர்த்து யோசிக்கிறோம். ஒரு நிறுவனத்தின் மேல் அதைக் கொண்டுபோவது கடினம், உள்நோக்கம் பற்றிய கேள்வி வரும், தெரியும். ஆனால் 'கெட்டது' என்று நிரூபிக்கவே நமக்கு முன்னும் பின்னுமான எண் தேவை.

நமக்குச் சாதகமாக ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதில் தகவல் உரிமை என்பதன் விளக்கத்துக்குள்ளேயே, ஆவணங்களையும் வேலைகளையும் நேரில் பார்வையிடுவதும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுப்பதும் சேர்த்திருக்கிறார்கள். தார்ச்சாலையின் தரத்துக்கு இதைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. தண்ணீருக்கும் பயன்படுத்தலாம். நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி மறுப்பார்கள். சுரங்கத்தில் எத்தனை டன் கிடைத்தது என்பதற்கு அந்தக் காரணத்தை அவர்கள் சொல்லட்டும். ஒரு காலனியின் குடிதண்ணீரில் எத்தனை மைக்ரோகிராம் என்பது எந்த எதிரி நாட்டுக்கும் பயன்படாத தகவல். மேல்முறையீடு செய்யுங்கள்.

இதெல்லாம் இப்போது ஏன் அவசரம் என்றால், 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையில், அணு கனிமங்கள் உள்ளிட்ட சில கனிமங்களின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. 2006-இல் தும்மலப்பள்ளி மக்கள் பேசினார்கள், யாரும் கேட்கவில்லை என்றாவது பதிவு இருக்கிறது. இனி வரும் ஊர்களுக்கு அந்தப் பதிவும் இருக்காது. கர்நாடகத்தின் யாதகிரி மாவட்டத்தில் கோகி என்ற ஊரிலும் சுண்ணாம்புப் பாறையில் யுரேனியம் இருக்கிறது, தும்மலப்பள்ளியைவிடத் தரம் அதிகம். அங்கே இன்னும் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கவில்லை. அதாவது, சுரங்கத்துக்கு முந்தைய கிணற்றுக் கணக்கை எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

சுரங்கம் இல்லாத ஊர்களுக்கும் இது பொருந்தும். 2020-இல் மத்திய நிலத்தடி நீர் வாரியம் வெளியிட்ட அறிக்கையில், 18 மாநிலங்களின் 151 மாவட்டங்களில் சில இடங்களில் ஆழமில்லாத நிலத்தடி நீரில் 30 மைக்ரோகிராமுக்கு மேல் யுரேனியம் இருந்தது. பஞ்சாபில் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ கால்வாசி. பெரும்பாலும் இது பாறையும் உரத்தின் நைட்ரேட்டும் அளவுக்கு மீறி உறிஞ்சிய போர்வெல்லும் சேர்ந்து செய்த வேலை. அந்த மாதிரிகள் ஊரிலா, சேரியிலா எடுக்கப்பட்டன என்று அறிக்கையில் ஒரு பத்தி இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

வேதியியல், புவியியல் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முதுநிலைத் திட்ட வேலைக்குப் பேராசிரியர் தலைப்பு கேட்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். பத்து கிணறுகள் போதும், ஐந்து ஊரில், ஐந்து சேரியில். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை. ஒவ்வொன்றிலும் ஆழம், இடக்குறியீடு, தேதி எழுதுங்கள். தண்ணீரை அங்கேயே வடிகட்டி, தூய நைட்ரிக் அமிலம் சில துளி விட்டுப் பாட்டிலில் அடையுங்கள், இல்லாவிட்டால் யுரேனியம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு ஆய்வகத்தில் குறைவாகக் காட்டும். கூடவே சோடியம், கால்சியம், சல்பேட், நைட்ரேட்டும் அளந்துவிடுங்கள். ஒரே கிணற்றில் இரண்டு பாட்டில் எடுத்து, ஒன்றை வேறு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மாதிரி எடுக்கும்போது அந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று தாளில் கையெழுத்துப் போடட்டும். தண்ணீர் எப்போதிலிருந்து மாறியது என்று உங்களுக்கு மாதக் கணக்கில் சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான்.

சுரங்கமோ ஆலையோ இருக்கும் பகுதி என்றால், சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1-லும் டிசம்பர் 1-லும், நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். பின்னிணைப்பில் கிணறுகளின் பட்டியல் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் ஒவ்வொரு கிணறும் எந்தத் தெருவில் இருக்கிறது, இன்று அதில் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு நாள் வேலை. எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.